பார்க்க மறுத்த கண்கள்

ஹேவரில் டர்பைன் கம்பெனியின் தலைவர், தன் கூட்ட அறையில் இருந்த கம்ப்யூட்டர் திரைமேல் ஒரு குளியல் துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தான். நாங்கள் உள்ளே நுழைந்ததும் தலைவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லப் பேசுங்க," என்றார். "அது முழிச்சுக்கும்."

நான் என் பாஸைப் பார்த்தேன். பாஸ் துண்டைப் பார்த்தார். நீலத் துண்டு, ஓரத்தில் ஒரு வாத்துப் படம்.

பாஸின் பெயர் ஹாரியட் லூமிஸ். தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு இன்ஷூரன்ஸ் கேட்டு வருகிறவர்களைப் பிடிப்பதுதான் வெகுகாலம் அவர் பார்த்த வேலை. அதை உதறிவிட்டு பாஸ்டனில் ஒரு செருப்பு ரிப்பேர் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டபோது, ஃபால் ரிவர் ஊரிலிருந்து நெல்சன் ஃபுர்டாடோ என்ற உத்தமனை உதவிக்கு வைத்துக்கொண்டார். அந்த உத்தமன் நான்தான். கம்ப்யூட்டரைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்ததெல்லாம் அதன்மேல் காபியைக் கொட்டக் கூடாது என்பது மட்டுமே.

தலைவர் செஸ்டர் ஹேவரில் சிவந்த முகமும் விலை உயர்ந்த கோட்டுமாக இருந்தார். ஒரு கை எந்நேரமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. உட்காரும்போது "அம்மா" என்றார். எழுந்திருக்கும்போதும் அதையே சொன்னார். திங்கட்கிழமை வந்த அதிர்ச்சி இடுப்பில் இறங்கிவிட்டது என்று விளக்கினார்.

அந்தத் திங்கட்கிழமைக் கதை இது. மெய்ன் மாநிலத்தில் ஒரு பெரிய காகித ஆலை. அதன் தலைமை இன்ஜினியர் ஆர்மண்ட் திபோடோ புது டர்பைன் வாங்குவதற்காகப் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் கம்பெனி பிழைக்கும், போடாவிட்டால் வசந்த காலத்துக்குள் கதவு சாத்த வேண்டியதுதான். ஹேவரில் அவரை இதே அறையில் உட்காரவைத்து, திரையில் டர்பைன் சுற்றுவதைக் காட்டினார். அடித்தளத்தில் இருக்கும் பெரிய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் அந்த டர்பைனின் தகடுகள் தாங்கும் பாரத்தை அந்த நொடியிலேயே கணக்குப் போடுகிறது, அது போடப் போடப் படம் இங்கே வருகிறது என்று முழங்கினார்.

அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு ஜோடிக் கண்கள் முளைத்தன.

வெள்ளை முட்டை இரண்டு, உள்ளே கருமணி இரண்டு. புருவம் இல்லை, முகம் இல்லை. ஹேவரில் மவுஸை எந்தப் பக்கம் நகர்த்தினாரோ அந்தப் பக்கம் கண்களும் திரும்பின. அவர் சிரித்துச் சமாளித்தார். இன்னொரு ஜோடி வந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கக் கண்கள், கோயில் வாசலில் காத்திருக்கும் கூட்டம் மாதிரி, அத்தனையும் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

எத்தனை ஜோடி என்று பாஸ் கேட்டார். நூறு என்றார் ஹேவரில். பன்னிரண்டு இருக்கும் என்றான் காவலாளி. ஹேவரில் முறைத்ததும், அதில் சில கண்கள் கொஞ்சம் பெரிசு என்று திருத்திக்கொண்டான்.

"மவுஸுக்கும் பேய் பிடிச்சிருந்தது, மிஸ் லூமிஸ்," என்றார் ஹேவரில். "இடது பட்டனை அழுத்தினா வலது பட்டன் வேலையைச் செய்யுது. வலதை அழுத்தினா இடது. மனுஷன் என்னதான் பண்ணுவான்?"

திபோடோ சிறிது நேரம் அந்தக் கண்களையே உற்றுப் பார்த்தாராம். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, மெய்னுக்கே திரும்பிப் போய்விட்டாராம். ஹேவரில் அவருக்குப் போன் செய்து பார்த்தார். ஆலையில் அவர் இல்லை என்றார்கள். இல்லை என்று சொன்ன குரலே திபோடோவின் குரல் மாதிரிதான் இருந்தது.

குற்றவாளி யார் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. மூன்றாவது மாடியில் தகடுகளுக்குக் கணக்குப் போடும் ஃபிலிஸ் ஆக்வான். அந்தக் கண்கள் அடித்தள இயந்திரத்தில் அவள் பெயரில்தான் ஓடின, இயந்திரம் பொய் சொல்லாது. மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் அவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறார். ஏன் செய்தாள், யார் தூண்டிவிட்டார்கள் என்பதை மட்டும் வக்கீல் படித்தால் புரிகிற மாதிரி நாங்கள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

உடந்தைகளைப் பிடிக்க அவரே ஒரு விசாரணை நடத்தி முடித்திருந்தார். கம்பெனியில் இருந்த அத்தனை பேரையும் வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கொரு தாளில் ஒரு ஜோடிக் கண் வரையச் சொல்லியிருக்கிறார். மேஜைமேல் தாள்கள் குவிந்து கிடந்தன. கணக்குப் பிரிவில் ஒருவர் இமை முடியெல்லாம் போட்டு வரைந்ததால் அவர்மேல் ஒரு கண் வைத்திருப்பதாக ஹேவரில் ரகசியமாகச் சொன்னார்.

"நீங்களும் ஒண்ணு வரைஞ்சு குடுத்துடுங்க," என்று என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "சந்தேகத்துக்கு இடம் இருக்கக் கூடாது பாருங்க."

வரைந்து கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கு லேசாகக் கலக்கமாக இருந்தது.

அடித்தளத்தில் அந்தப் பெரிய இயந்திரம் ஒரு துணி அலமாரி உயரத்துக்கு நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் பெயர் வால்ரஸ். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இயந்திரத்துக்குப் பெயர் வைக்காமல் மின்சாரம்கூடக் கொடுக்க மாட்டார்கள். மாடியில் இருக்கும் பி.சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன் பெயர், அதைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி மானிட்டர் நெற்றியில் ஒட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் மேய்ப்பவன் லைல் ப்ரென்டிஸ். தாடி வைத்திருந்தான், வெளியே பனி கொட்டும்போது அரைக்கால் சட்டை போட்டிருந்தான்.

ஆளுக்கொரு யூனிக்ஸ் இயந்திரம் வாங்கிக் கொடுக்க ஹேவரிலுக்கு மனசு வரவில்லையாம். அதனால் ஏற்கெனவே மேஜையில் இருந்த சாதாரண பி.சி.க்களில் ஒரு புரோகிராமை ஏற்றினார்கள். அது பி.சி.யை வால்ரஸுக்கு முகமாக மாற்றிவிடும். மூளை கீழே, முகம் மேலே. கணக்கெல்லாம் வால்ரஸ் போடும், இங்கே ஒரு வட்டம் வரை, அங்கே ஒரு கோடு இழு என்று மேலே சொல்லி அனுப்பும். பி.சி. வரைந்து காட்டும்.

"அப்போ மேல இருக்கிறது வேலைக்காரன், கீழ இருக்கிறது முதலாளி," என்றேன்.

"நாங்க மேல இருக்கிறதைத்தான் சர்வர்னு சொல்வோம். வால்ரஸ் வெறும் வாடிக்கையாளர்," என்றான் லைல். "எல்லாரும் இந்த இடத்துலதான் தலையைச் சொறிவாங்க. சொறிஞ்சுக்குங்க, நான் வெயிட் பண்றேன்."

நான் சொறிந்துகொண்டிருக்கையில் பாஸ் வேறொன்று கேட்டார். ஒருவர் திரையில் இன்னொருவர் படம் போட முடியுமா? தாராளமாக முடியும் என்றான் லைல். திரைக்குப் பூட்டு உண்டு. ஆனால் பூட்டினால் பாதி நேரம் சொந்தப் படமே வந்து சேராது என்பதால் கட்டடத்தில் எல்லாருமே திறந்துதான் வைத்திருந்தார்கள். இன்ன மீனின் திரைக்குப் போ என்று பெயர் சொல்லி அனுப்பினால் போதும், படம் போய் நிற்கும். போன கிறிஸ்துமஸில் யாரோ கட்டடம் முழுக்க எல்லார் திரையிலும் பனி பெய்யவிட்டார்கள்.

அதைக் கண்டுபிடித்தாயா என்று பாஸ் கேட்டார். லைல் தாடியைத் தடவினான். அது அவன் வேலைதான் என்று எனக்கே புரிந்தது.

இந்தக் கண்கள் வால்ரஸோடு சும்மா வருகிற பொம்மை என்றும் சொன்னான். மவுஸ் எங்கே போகிறதோ அங்கே பார்க்கும், அதைத் தவிர அதற்கு வேறு பிழைப்பு இல்லை. ஃபிலிஸ்தான் அனுப்பினாளா என்றதற்கு முகம் வாடிப்போனான். அவள் பெயரில்தான் ஓடியது, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்றான். பிறகு, தான் இப்படிச் சொன்னதை மேலே சொல்லிவிட வேண்டாம் என்றான்.

மூன்றாவது மாடிக்கு ஏறினோம். வழியில் எட்டிப் பார்த்த அறைகளில் எல்லாம் பாதி மேஜைகள் காலி. அந்த வருஷம் பாஸ்டனைச் சுற்றிப் போகும் 128-ஆம் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. ஐம்பது தாண்டிய ஒருத்தி டர்பைன் தகட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு அங்கே வேறு வேலை தேடுவது நடக்கிற காரியம் இல்லை.

அது ஃபிலிஸுக்கும் தெரிந்திருந்தது. மேஜைமேல் ஒரு அட்டைப்பெட்டி, அதில் அவளுடைய குவளை, ஸ்வெட்டர், ஒரு குட்டிக் கள்ளிச்செடி. அழுது முடித்த முகம். ஆனாலும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திரையில் வால்ரஸ் அனுப்பும் எழுத்துகள் வரிசை வரிசையாக ஓடின. அவள் இடது கையால் பென்சில் பிடித்து எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணை அனுப்பினது நீங்களா?" என்று பாஸ் நேராகவே கேட்டார்.

"தினமும் அனுப்புவேன்," என்றாள் ஃபிலிஸ். "என் திரைக்கு. இதையேதான் அவர்கிட்டயும் சொன்னேன். முதல் பாதியோட எழுந்து போய்ட்டார்."

எதற்காக என்று விசாரித்தோம். வால்ரஸோடு தொடர்பு அடிக்கடி அறுந்து போகும். அறுந்தது தெரியாமல் நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டே அரை நாளைத் தொலைத்தவர்கள் அங்கே உண்டு. அதனால் அவள் காலையில் வந்ததும் முதலில் தன் திரை மூலையில் ஒரு ஜோடிக் கண்ணைப் போட்டுவிடுவாள். மவுஸை அசைத்தால் கண்ணும் அசைய வேண்டும். அசைந்தால் வால்ரஸ் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அவளுடைய பி.சி.க்கு ஹேடக் என்று பெயர், ஹேடக்கின் திரையில் கண்ணைக் காட்டு என்று வால்ரஸிடம் ஒரே கட்டளையாக எழுதி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை பல் டாக்டரிடம் போய்விட்டு மதியம்தான் வந்தாளாம். வாய் ஒரு பக்கம் மரத்துக் கிடந்தது. உட்கார்ந்து கட்டளையைக் கொடுத்தாள். கண் வரவில்லை. எழுத்து வருகிறது, படம் மட்டும் வரவில்லை. மறுபடி கொடுத்தாள். மறுபடியும் கொடுத்தாள். பிடிவாதக்காரி போலிருக்கிறது, அன்று மதியம் முழுக்க அதையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசியில் வெறுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மறுநாள் காலை வந்தபோது காவலாளி வாசலிலேயே நின்றுகொண்டு கண் வரையச் சொன்னான்.

"அப்போ நீங்க அனுப்பின கண்ணெல்லாம் எங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியாது," என்றேன்.

"வரலைன்னுதான் மறுபடி மறுபடி கூப்பிட்டேன். வேற எங்கயாவது போய் நிக்கும்னு யார் நினைச்சா?"

பாஸ் குனிந்து மேஜையைப் பார்த்தார். மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் கிடந்தது. மூன்று நாளாக இது சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டார். ஃபிலிஸ் கொஞ்சம் வெட்கப்பட்டாள். திங்கட்கிழமையிலிருந்து பட்டன்கள் தலைகீழாகிவிட்டன, டாக்டர் போட்ட ஊசி தலைக்கு ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். அவள் இடது கைக்காரி என்பதால் இரண்டு பட்டனையும் மாற்றி அமைத்து வைத்திருந்தாள். அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.

பாஸ் மானிட்டர் நெற்றியைத் தடவினார். ஹேடக் என்று ஸ்டிக்கர் இருந்தது. அப்புறம் மேஜைக்கு அடியில் குனிந்து, மானிட்டருக்கு ஒயர் போகும் இரும்புப் பெட்டியை விரலால் தேய்த்தார். விரல் கறுப்பாக வந்தது. பெட்டிமேல் எத்தனையோ கூட்டங்களின் டோனட் சர்க்கரையும் தூசியும் சேர்ந்து ஒரு படலமாகப் படிந்திருந்தது. ஃபிலிஸின் மேஜையில் வேறு எங்கேயும் ஒரு துளித் தூசி கிடையாது.

"இது என்னுது இல்ல," என்றாள் ஃபிலிஸ் மெதுவாக. "எனக்கு அக்டோபர்லதான் புதுப் பெட்டி வந்தது. இந்தக் கட்டடத்துலயே அதுதான் வேகம்."

வராந்தாவுக்கு வந்ததும் என்னால் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. விஷயம் கண்ணாடி மாதிரி தெரிந்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டுவது மானிட்டரில், பெயர் இருப்பது பெட்டிக்குள். யாரோ பெட்டியை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஹேடக் என்ற பெயர் பெட்டியோடு கூட்ட அறைக்குப் போய்விட்டது. இங்கே இவள் ஹேடக்கைக் கூப்பிடக் கூப்பிட அங்கே கண் முளைத்திருக்கிறது. தலைகீழ் பட்டனும் அதே பெட்டியோடு போய் ஹேவரிலைப் படுத்தி எடுத்திருக்கிறது.

"மாத்தினது யாருன்னு சொல்லு," என்றார் பாஸ்.

"திங்கட்கிழமையிலிருந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அம்மா அம்மான்னு கத்தற ஆளு. அந்த இரும்பை மாடிப்படி வழியா இறக்கினா எனக்கும் அதிர்ச்சி இடுப்புலதான் இறங்கும்."

பாஸ் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம், அன்றைய கூலி வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. கேஸ் முடிந்தது, சாப்பிடப் போகலாம், நெடுஞ்சாலை ஓரக் கடையில் கிளாம் சவ்டர் சூப் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். பாஸ் அசையவில்லை.

"ஏன் தூக்கினார்?" என்றார்.

"வேகமான பெட்டி வேணும்னுதான்."

"தலைவர். கையசைச்சா லைல் ஓடி வந்து தூக்குவான். லைலையும் கூப்பிடல, காவலாளியையும் கூப்பிடல. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பாத்து, யாருக்கும் தெரியாம, இந்த வயசுல தானே சுமந்திருக்கார். கல்லாப்பெட்டியைத் தானே சுமக்கிறவனை நான் நிறையப் பாத்திருக்கேன், நெல்சன். அதுக்குள்ள ஏதோ இருக்கும், இல்லைன்னா ஒண்ணுமே இருக்காது."

மறுபடி அடித்தளத்துக்கு இறங்கினோம். என் வயிறு லேசாக முறையிட்டது. பாஸ் லைலிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கணக்கெல்லாம் வால்ரஸே போடுகிறது என்றால், மேலே படம் காட்டும் பி.சி. வேகமாக இருக்க வேண்டுமா?

லைல் சிரித்தான். பாசி பிடித்த பெட்டி போதும், ஒரு ஜன்னல் கண்ணாடி எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று திருப்பிக் கேட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ திங்கட்கிழமை வால்ரஸ் டர்பைனுக்குக் கணக்குப் போட்டுதா?" என்றார் பாஸ்.

லைல் தரையைப் பார்த்தான். அன்று மதியம் வால்ரஸ் பெரிய கணக்கு எதுவும் இல்லாமல் தூங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் யாரும் தன்னிடம் கேட்கவில்லை, கண்ணைப் பற்றித்தான் கேட்டார்கள் என்றான்.

பாஸ் வரவேற்பறை டெலிபோனில் மெய்னுக்குப் பேசினார். அந்த நேரம் பார்த்து எனக்குக் காபி வாங்கிவர உத்தரவு. இரண்டு காபி, பாலும் சர்க்கரையும் தாராளமாக. நான் திரும்பி வந்தபோது அவர் போனை வைத்துவிட்டு, சுவர்ப்படத்தில் இருந்த ஹேவரிலின் தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்ட அறையில் எல்லாரும் கூடினோம். ஹேவரில், காவலாளி, லைல். ஃபிலிஸை மாடியில் அவள் மேஜையிலேயே உட்காரச் சொல்லியிருந்தோம். மேஜை நடுவே ஒலிபெருக்கி வைத்த டெலிபோன் இருந்தது, அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறிக்கை எழுதியாயிற்றா என்று ஹேவரில் கேட்டார். பாஸ் துண்டை எடுத்து மடித்துக் காவலாளியின் மடியில் வைத்தார்.

திங்கட்கிழமை செய்ததை அப்படியே இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார். ஹேவரில் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். மவுஸ் பட்டன்கள் அவரை மறுபடியும் படுத்தின. ஒரு வழியாகத் திரையில் வால்ரஸின் கடிகாரம் வந்தது, வால்ரஸின் பாரம் காட்டும் கோடு வந்தது, நடுவே பெரிதாக டர்பைன் சுற்ற ஆரம்பித்தது. நிஜமாகவே அழகாகத்தான் சுற்றியது.

பாஸ் என்னிடம் தலையசைத்தார். நான் மாடிப்படிப் பக்கம் தலையை நீட்டி, தட்டலாம் என்று குரல் கொடுத்தேன்.

மூலையில் ஒரு ஜோடிக் கண்கள் முளைத்தன.

காவலாளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். ஹேவரில் எழுந்திருக்கப் பார்த்து இடுப்பு விடாமல் உட்கார்ந்தார். பார்த்தீர்களா, இன்னும் அனுப்புகிறாள், கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று கத்தினார். பாஸ் அவருக்குப் பெட்டியின் கதையைச் சொன்னார். அதைச் சுமந்துகொண்டு வந்தது யார் என்பதையும், இடுப்பு ஏன் வலிக்கிறது என்பதையும் சொன்னார். ஹேவரிலின் முகத்தில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஆனாலும் ஆள் கெட்டி. சரி, பெட்டி மாறியது ஒரு கைப்பிசகு, அந்தக் கைப்பிசகில் ஒரு பொம்மை வந்து வியாபாரத்தைக் கெடுத்துவிட்டது, யார்மேலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டு எழப் பார்த்தார்.

"மவுஸைக் கடிகாரத்து மேல கொண்டு போங்க," என்றார் பாஸ்.

கொண்டுபோனார். கண்கள் கடிகாரத்தைப் பார்த்தன.

"கோட்டு மேல."

கண்கள் கோட்டைப் பார்த்தன.

"இப்போ டர்பைன் மேல."

ஹேவரிலின் கை நின்றுவிட்டது. பாஸ் அந்தக் கைமேல் தன் கையை வைத்து, மவுஸை மெதுவாக டர்பைன்மேல் தள்ளினார்.

கண்கள் அசையவில்லை. மவுஸ் டர்பைன்மேல் மேலும் கீழும் அலைந்தது. கண்கள் கடைசியாகப் பார்த்த ஓரத்தையே வெறித்துக்கொண்டு நின்றன. நடுவே அவ்வளவு பெரிய டர்பைன் சுற்றுவது அவற்றின் உலகத்திலேயே இல்லை.

நான் லைலைப் பார்த்தேன். அவன் விளக்கினான். கண்கள் வால்ரஸுடையவை. வால்ரஸ் அனுப்பிய படங்களின்மேல் மவுஸ் போனால்தான் அவற்றுக்குத் தெரியும். பி.சி.யே தனக்குள் எதையாவது ஓட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் மவுஸ் போவது அவற்றுக்குத் தெரியாது. அந்த டர்பைன் வால்ரஸிலிருந்து வரவில்லை. அது முன்கூட்டியே வரைந்து பெட்டிக்குள் ஏற்றி வைத்த சினிமா. அதை விக்காமல் ஓட்டத்தான் வேகமான பெட்டி தேவைப்பட்டிருக்கிறது.

மேஜை நடுவிலிருந்து ஒரு கனத்த கிழக் குரல் வந்தது.

"எங்க மில்லுலயும் இதே கண்ணைத்தான் மூலையில வெச்சிருக்கேன், ஹேவரில்." திபோடோதான். இவ்வளவு நேரமும் போனில் இருந்திருக்கிறார். "திங்கட்கிழமை அது வந்ததும் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. நம்ம ஆளுங்கன்னு நினைச்சேன். ஒரு ஜோடி தப்பாப் பாத்திருக்கலாம். அவ்வளவு ஜோடியும் நீங்க காட்டின இடமெல்லாம் பாத்துது, டர்பைனை மட்டும் ஒண்ணுகூடப் பாக்கல. அதனாலதான் எழுந்து போனேன்."

ஹேவரில் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு நிமிஷம் அவர்மேல் பரிதாபம்கூட வந்தது. கண் வரைந்த தாள் என் பெயரோடு அவர் பக்கத்திலேயே கிடப்பதைப் பார்த்ததும் அது போய்விட்டது.

சத்தம் எதுவும் வரவில்லையே என்று ஃபிலிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றாள். சுற்றிக்கொண்டிருந்த டர்பைனைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். ஒருவரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். அந்தக் கணக்கே அவளுடையதுதானே. மூன்று மாதமாக அதைத்தான் வால்ரஸிடம் போட்டுக்கொண்டிருந்தாள், இன்னும் முடியவில்லை என்று போன வாரமே ஹேவரிலிடம் சொல்லியும் இருந்தாள்.

"அந்தம்மா அங்க இருக்காங்களா?" என்றது போன். "அம்மா, அந்தத் தகடு தாங்குமா?"

ஃபிலிஸ் ஹேவரிலைப் பார்த்தாள். ஹேவரில் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், ஆமாம் என்று சொல்லச் சொல்லி. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் கம்பெனி பிழைக்கும், அவள் வேலையும் பிழைக்கும். அந்த அட்டைப்பெட்டியும் அதிலிருந்த கள்ளிச்செடியும் என் கண்முன் வந்துபோயின.

"தெரியாது," என்றாள் ஃபிலிஸ். "இன்னும் ஒரு மாசம் ஆகும். அப்பவும் தாங்காதுன்னு வந்தா, தாங்காதுன்னுதான் சொல்வேன்."

ஹேவரில் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த டர்பைனை வாங்கினா அது பக்கத்துலதான் என் பையன் வேலை பாக்கணும்," என்றார் திபோடோ. "ஒரு மாசம் காத்திருக்கேன். ஆனா கணக்கு முடிஞ்சதும் அந்தம்மாதான் எனக்குப் போன் பண்ணணும். வேற யாரு பண்ணினாலும் நான் ஆலையில இல்ல."

விளக்கு அணைந்தது. ஃபிலிஸ் வாசலிலேயே நின்றாள். அவள் பார்வை ஹேவரிலை விட்டு நகரவில்லை.

"நாளைக்கு நான் வரணுமா வேண்டாமான்னு நீங்க இன்னும் சொல்லல," என்றாள்.

ஹேவரில் துண்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அணைந்த டெலிபோனைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவைக்க நாங்கள் யாரும் உதவவில்லை.

"வாங்க," என்றார் கடைசியில்.

ஃபிலிஸ் உள்ளே வந்து, திரையை அணைத்து, இரும்புப் பெட்டியின் பின்னால் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். லைல் ஓடிவந்தான், வேண்டாம் என்றாள். நான் கை நீட்டினேன், எனக்கும் அதுதான் பதில். பெட்டியைத் தானே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அங்கே போனதும் கதவைத் திறக்கக் கை இல்லாமல் நின்றாள்.

ஹேவரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். அவள் படியேறி முடிக்கும் வரை பிடித்துக்கொண்டே நின்றார். எனக்கு அந்தப் பெண்மணியை அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.